‘பற்றற்ற’: எதன் மேல்?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆங்கில நாவலைத் தமிழில் மொழிபெயர்த்து முடித்து, அச்சுக்குப் போகும் முன் பிழை பார்த்துத் தரும்படி மூத்த மெய்ப்புத் திருத்துநர் ஒருவரிடம் கொடுத்தேன். ஒற்றுப் பிழைகளையும் எழுத்துப் பிழைகளையும் சிவப்பு மையால் திருத்தியிருந்த அவர், பொருளில் ஐயம் வந்த இடங்களில் மட்டும் ஓரத்தில் பென்சிலால் கேள்வி எழுதியிருந்தார். தாள்களைப் புரட்டிக்கொண்டு போனபோது ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: ‘எதன் மேல்?’ எண்ணிப் பார்த்தேன்; 14 இடங்கள். அந்த 14 இடங்களிலும் கேள்விக்கு அருகில் நான் எழுதியிருந்த சொல் ‘பற்றற்ற’.

நாவலின் நடுவில் இருப்பவர் கடிகாரம் பழுதுபார்க்கும் ஒரு முதியவர். மருத்துவராக இருக்கும் மகள், வீட்டை விட்டுப் போய்விட்ட மகன், மனைவியை இழந்த பக்கத்து வீட்டுக்காரர், ஒரு வழக்கை விசாரிக்கும் நீதிபதி என்று அவரைச் சுற்றியிருக்கும் எல்லாரும் ஏதோ ஒரு வகையில் உணர்ச்சியிலிருந்து தள்ளி நிற்பவர்கள். மூல ஆசிரியர் அவர்கள் அனைவருக்கும் ‘டிடாச்டு’ என்ற ஒரே சொல்லைக் கொடுத்திருந்தார். அவர் அதை வேண்டுமென்றே செய்திருக்கிறார் என்று நம்பியதால், தமிழிலும் ஒரே சொல் தொடர்ந்து வர வேண்டும் என்று முடிவு செய்து, எனக்குத் தெரிந்தவற்றுள் மிக அழகாக ஒலித்த சொல்லை எல்லா இடத்திலும் வைத்திருந்தேன்.

தாள்களை எடுத்துக்கொண்டு அவரிடமே போனேன். “ஐயா, மூலத்தில் எல்லா இடத்திலும் ஒரே சொல்தானே இருக்கிறது?” என்று கேட்டேன். “மூலத்தில் இருக்கட்டும் அம்மா. தமிழில் பற்று என்றால் பிடி. அவர் எதைப் பிடித்திருந்தார் என்றே தெரியாமல், பிடி விட்டுப்போயிற்று என்று நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?” என்றார். அதற்கு மேல் அவர் எதுவும் விளக்கவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு 14 வாக்கியங்களையும் மறுபடி எழுத எனக்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. அந்த ஒரு மாதத்தில் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறேன்.

பற்று என்பது மனத்தைக் குறிக்கும் சொல்லாக ஆவதற்கு முன்பே கையைக் குறித்த சொல். கையைப் பற்றுகிறோம், கொடி கொம்பைப் பற்றிப் படர்கிறது, தீ கூரையைப் பற்றுகிறது, விழப்போகிறவர் பிடித்துக்கொள்வது பற்றுக்கோடு. இந்தச் சொல் மனத்துக்குள் போன பின்பும் அதன் கைத்தன்மை போகவில்லை. ஆகவே ‘பற்று’ என்று சொன்னவுடனேயே பிடிக்கும் ஒருவரும் பிடிக்கப்படும் ஒரு பொருளும் சேர்ந்தே வந்துவிடுகின்றனர். அன்பு, இரக்கம், அக்கறை என்னும் சொற்களில் இந்த இறுக்கம் இல்லை. அன்பு இருந்தும் பற்று இல்லாமல் இருக்கலாம். அன்பே இல்லாமல் வெறும் பற்று மட்டும் இருப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

அடுத்தது ‘அற்ற’. இதை ‘இல்லாத’ என்பதற்கு மாற்றாக நாம் எங்கும் பயன்படுத்துகிறோம் என்றாலும், இரண்டும் பிறப்பால் வேறு. ‘அறு’ என்ற வினை தமிழில் இரண்டு விதமாக நடக்கும். ‘கயிறு அற்றது’ என்றால் கயிறு தானே இற்றுப்போயிற்று. ‘கயிற்றை அறுத்தான்’ என்றால் ஒருவன் கத்தி எடுத்தான். முதலாவது தன்வினை, இரண்டாவது பிறவினை. ‘அற்ற’ என்பது அந்தத் தன்வினையின் இறந்தகாலப் பெயரெச்சம். அப்படிப் பார்த்தால் ‘பற்றற்ற’ என்ற சொல்லுக்குள் ஒரு சிறிய கதையே இருக்கிறது: பற்று ஒன்று இருந்தது, அது ஒரு கட்டத்தில் இற்று விழுந்தது. ‘பற்றில்லாத’ என்று எழுதினால் அந்தக் கதை கிடையாது. அது இன்றைய நிலையை மட்டும் சொல்கிறது, முன்பு இருந்ததா என்று சொல்வதில்லை.

இந்த வேறுபாட்டை மிகவும் இறுக்கிப் பிடிக்கவும் கூடாது என்பதை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். எல்லையற்ற, நிகரற்ற என்று எழுதும்போது முன்பு எல்லை இருந்து பின்னர் இற்றுப்போயிற்று என்று யாரும் பொருள் கொள்வதில்லை. ‘அற்ற’ என்பது பல சொற்களில் வெறும் இன்மையைக் காட்டும் ஒட்டாகவே ஆகிவிட்டது. ஆயினும் ‘பற்றற்ற’ என்பதில் மட்டும் பழைய கதை இன்னும் உயிரோடு இருப்பதாகவே என் காதுக்குப் படுகிறது. ‘பற்றற்ற குழந்தை’ என்று எழுதிப் பாருங்கள். இலக்கணப் பிழை ஏதும் இல்லை, ஆனாலும் காது ஏற்க மறுக்கிறது. குழந்தை இன்னும் எதையும் முழுதாகப் பிடிக்கவே தொடங்கவில்லை. பிடி இற்றுப்போவதற்கு அங்கே இடம் எங்கே இருக்கிறது?

ஆங்கிலச் சொல்லின் இயல்பு வேறு. அதன் அடியில் இருப்பது இணைப்பு கழன்ற நிலை மட்டுமே. மற்றொரு வீட்டோடு சுவர் ஒட்டாமல் தனித்து நிற்கும் வீட்டுக்கும், இடம் விட்டு விலகிவிட்ட விழித்திரைக்கும், கண்கலங்காத மனிதருக்கும் அதே சொல்தான். கழன்றது நல்லதா கெட்டதா, யார் கழற்றினார், எதிலிருந்து கழன்றது என்பதையெல்லாம் அது வாசகரிடமே விட்டுவிடுகிறது. ‘பற்றற்ற’ என்ற தமிழ்ச் சொல்லால் அப்படி வாயை மூடிக்கொண்டு இருக்க முடியாது. அது தனியாக நிற்கும்போதே ஒரு மதிப்பையும் சேர்த்துக் கொண்டுவருகிறது. ‘அவர் பற்றற்றவர்’ என்று ஒருவரைப் பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் சொன்னால், கேட்பவர் அதைப் புகழ்ச்சியாகத்தான் எடுத்துக்கொள்வார். நான் செய்த தவறின் வேர் இங்கேதான் இருந்தது: உணர்ச்சி வெளியே தெரியாத ஒவ்வொருவருக்கும் நான் என்னை அறியாமல் ஒரு பாராட்டை வழங்கிக்கொண்டிருந்தேன்.

மகன் வரும் காட்சியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். தந்தைக்கு உடல்நிலை மோசம் என்று அக்கா தொலைபேசியில் சொல்கிறாள். அவன், ‘அப்படியா, பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டு வைத்துவிடுகிறான். ‘அவன் பற்றற்ற குரலில் பதில் சொன்னான்’ என்று எழுதியிருந்தேன். ‘எதன் மேல்?’ என்று கேட்டுப் பார்த்தால், தந்தையின் மேல் என்றுதான் விடை வருகிறது. அப்படியானால் இது பாராட்டத்தக்க நிலையா? நாவலாசிரியர் அப்படி நினைக்கவில்லை; அந்தப் பக்கம் முழுவதும் அவனுடைய பொறுப்பின்மையைத்தான் காட்டுகிறது. இதற்குத் தமிழில் வெகு பொருத்தமான சொல் ஒன்று காத்துக்கொண்டிருந்தது: ‘விட்டேற்றியாகப் பதில் சொன்னான்.’ அக்கறை காட்டாமல், தனக்கும் அதற்கும் தொடர்பே இல்லாதது போலப் பேசும் தொனியை இந்தச் சொல் ஒரே வீச்சில் காட்டிவிடுகிறது. பேச்சில் நாம் எல்லாரும் பயன்படுத்தும் சொல் என்பதால் எழுத்தில் அதைத் தாழ்வாக நினைத்து விலக்கிவிடுகிறோம். அது அந்தச் சொல்லுக்கு நாம் இழைக்கும் அநீதி.

மகளின் காட்சி இன்னும் கடினமாக இருந்தது. மருத்துவரான அவள் தன் தந்தைக்கு வந்திருக்கும் நோய் இன்னதென்று அவரிடமே விளக்குகிறாள். குரல் நடுங்கவில்லை, கண் கலங்கவில்லை. ‘பற்றற்ற குரலில் விளக்கினாள்’ என்பது என் முதல் வாக்கியம். அந்த வாக்கியத்தைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு இரண்டு படங்கள்தான் தோன்றும். ஒன்று, அவள் துறவியைப் போலப் பக்குவப்பட்டவள். மற்றொன்று, அவளுக்குத் தந்தையின் மேல் பாசம் இல்லை. இரண்டுமே உண்மையல்ல. அவளிடம் பற்று நிரம்பி வழிகிறது. அதைத் தன் தொழிலுக்காக அந்தப் பத்து நிமிடம் மூடி வைத்திருக்கிறாள். பற்று அற்றுப்போவதும் பற்றை அடக்குவதும் வேறு வேறு. ‘உணர்ச்சியற்ற குரலில்’ என்று மாற்றிப் பார்த்தேன். அது அவளை இயந்திரம் ஆக்கிவிட்டது. ‘நிதானமான குரலில்’ என்று போட்டால் அவளுடைய உழைப்பு மறைந்துபோகிறது. கடைசியில் பெயரடையையே கைவிட்டு, ‘யாரோ ஒரு நோயாளிக்குச் சொல்வது போலக் குரலைச் சமப்படுத்திக்கொண்டு விளக்கினாள்’ என்று எழுதினேன். ஒரு சொல்லால் முடியாத இடத்தில் ஒரு வினையையும் ஓர் உவமையையும் வைப்பதில் தவறொன்றும் இல்லை என்று அன்று புரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரர் தன் மனைவியை அடக்கம் செய்துவிட்டு வந்து, வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கும் ‘பற்றற்ற கண்களால்’ என்று எழுதியிருந்தேன். அந்தக் கண்களில் இருப்பது பற்றின்மை ஆகாது. தாங்க முடியாத அளவுக்கு வலி வந்தபின் வரும் உணர்வின்மை. ‘மரத்துப்போன’ என்ற சொல் நம்மிடம் இருக்கிறதே. நெடுநேரம் மடக்கி வைத்த காலும் மரத்துப்போகிறது, நெடுநாள் அடிபட்ட மனமும் மரத்துப்போகிறது. மரத்துப்போனதில் மீண்டும் உணர்வு திரும்பும், திரும்பும்போது வலிக்கும் என்பதையும் அந்தச் சொல் சேர்த்தே உணர்த்துகிறது. இருபது பக்கம் கழித்து அவர் உடைந்து அழும் காட்சிக்கு அது முன்னமே வழி வைத்துவிடுகிறது. ‘பற்றற்ற’ என்று விட்டிருந்தால் அந்த அழுகை எங்கிருந்து வந்தது என்றே வாசகருக்குப் புரிந்திருக்காது.

நீதிபதிக்கு ‘சார்பற்ற’ என்று மாற்றியதில் எனக்குச் சிரமமே இருக்கவில்லை. ஆய்வுக்கும் தீர்ப்புக்கும் மதிப்புரைக்கும் ‘பற்றற்ற’ பொருந்தாது. அங்கே வேண்டுவது விருப்பு வெறுப்பற்ற பார்வை, காய்தல் உவத்தல் இன்றிப் பார்ப்பது. அரசு அலுவலகத்தில் முகத்தை நிமிர்த்திப் பார்க்காமலே விண்ணப்பத்தைத் திருப்பித் தரும் எழுத்தருக்குப் ‘பாராமுகமாக’ போதும். பெற்றோர் சண்டையிடுவதைச் சன்னல் வழியே பார்த்துக்கொண்டிருக்கும் சிறுமிக்கு ‘பட்டும் படாமலும்’ என்று முதலில் நினைத்தேன். ஆனால் அது பெரியவர்களின் சாமர்த்தியத்தைச் சொல்லும் தொடர். ஆகவே ‘அது வேறு யார் வீட்டிலோ நடப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்’ என்று விரித்து எழுதினேன்.

இந்த இடத்தில் நம் சொற்களின் வரலாறு கொஞ்சம் கவனிக்கத்தக்கது. உணர்ச்சிப் பிணைப்பு இல்லாத நிலையைக் குறிக்க வடமொழியிலிருந்து தமிழுக்கு வந்த இரண்டு சொற்கள் முற்றிலும் எதிரெதிர்த் திசையில் போய்விட்டன. உதாசீனம் என்பதன் மூலச் சொல் ஒதுங்கி அமர்ந்திருப்பவரை, எந்தப் பக்கமும் சாராதவரைக் குறித்தது. இன்று ‘என்னை உதாசீனம் செய்துவிட்டான்’ என்றால் அவமதித்துவிட்டான் என்றே பொருள். வைராக்கியம் என்பது அங்கே ஆசை நீங்கிய நிலையைக் குறித்த சொல். தமிழில் ‘அவள் வைராக்கியமாக இருந்தாள்’ என்றால் விடாப்பிடியாக, கொண்ட கொள்கையில் உறுதியாக இருந்தாள் என்று பொருள். பிடியை விட்டதைச் சொல்ல வந்த சொல் பிடிவாதத்துக்கு அருகில் வந்து நிற்கிறது. ‘மயான வைராக்கியம்’ போன்ற சில தொடர்களில் மட்டும் பழைய பொருள் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒன்று அவமதிப்பாகவும் மற்றொன்று விடாப்பிடியாகவும் மாறிப்போன பின், அந்த நிலையைச் சொல்ல நம் கையில் பழுதில்லாமல் மிஞ்சியிருப்பது பற்றற்ற, பற்றின்மை என்னும் தமிழ்ச் சொற்கள்தாம். இவற்றையும் விட்டேற்றியான குரலுக்கும் பாராமுகத்துக்கும் கொடுத்துப் பழக்கிவிட்டால் இவையும் தேய்ந்துவிடும் என்ற அச்சம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

‘எதன் மேல்?’ என்ற கேள்வி புதிதாக ஒருவர் கண்டுபிடித்த சோதனை அன்று என்பதைத் திருக்குறளைத் திறந்தபோது கண்டேன். துறவு அதிகாரத்தில் 349ஆம் குறள் ‘பற்றற்ற கண்ணே பிறப்பறுக்கும்’ என்று தொடங்குகிறது. பற்று நீங்கிய அப்போதே பிறப்பு அறும் என்பது பொருள். சுற்றந்தழால் அதிகாரத்தில் 521ஆம் குறள் ஏறத்தாழ அதே சொற்களோடு ‘பற்றற்ற கண்ணும் பழமைபா ராட்டுதல்’ என்று தொடங்குகிறது. இங்கே பற்று என்பது கைப்பொருள், செல்வம். ஒருவன் எல்லாம் இழந்து வறியவனான பின்பும் பழைய உறவைப் பாராட்டுவது சுற்றத்தாரிடம்தான் உண்டு என்கிறது குறள். ஒரே தொடர் ஓரிடத்தில் விடுதலையையும் மற்றோரிடத்தில் இழப்பையும் குறிக்கிறது. எது அற்றது என்று கேட்காமல் இரண்டில் எதையும் சரியாகப் படிக்க முடியாது.

275ஆம் குறளில் ‘பற்றற்றேம் என்பார் படிற்றொழுக்கம்’ என்று வருகிறது. யாம் பற்றை விட்டோம் என்று வாயால் சொல்லிக்கொள்கிறவர்களின் பொய்யொழுக்கத்தைக் கூடாவொழுக்கம் என்னும் அதிகாரம் கண்டிக்கிறது. இதிலிருந்து வாக்கிய அமைப்புக்கே ஒரு பாடம் கிடைக்கிறது என்று நினைக்கிறேன்: ‘பற்றற்ற’ என்ற அடையைத் தன்மை இடத்தில் வைத்து எழுதும்போது மிகுந்த கவனம் வேண்டும். ‘நான் பற்றற்றவன்’ என்று சொல்லும் கதைமாந்தரை வாசகர் உடனே ஐயத்தோடுதான் பார்ப்பார். அந்த ஐயம் எழுத வந்ததற்குத் தேவைப்பட்டால் நல்லது. தேவைப்படாவிட்டால் அந்தச் சொல்லைப் பிறர் வாயில் வைப்பதே முறை.

506ஆம் குறள் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. சுற்றத்தார் இல்லாதவரை நம்பி ஒரு பொறுப்பில் அமர்த்த வேண்டாம். ஏனென்றால் அவர் ‘பற்றிலர், நாணார் பழி’ என்று அது சொல்கிறது. உலகத்தோடு பிணைப்பு இல்லாதவர் பழிக்கு அஞ்சமாட்டார் என்பது கருத்து. துறவியிடம் சிறப்பாகச் சொல்லப்படும் அதே இன்மை, ஆளுகைக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவரிடம் குறையாகிவிடுகிறது. இன்றைய தமிழிலும் இதையே பார்க்கிறோம்: ‘பற்றற்றவர்’ என்றால் புகழ், ‘நாட்டுப்பற்றற்றவர்’, ‘மொழிப்பற்றற்றவர்’ என்றால் கடும் வசை. முன்னால் ஒரு பெயர் சேர்ந்தவுடன் சொல்லின் முகமே மாறிவிடுகிறது. ஆகவே இதைப் பயன்படுத்தும்போது எதன் மேல் பற்று அற்றது என்பதை வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும், அல்லது சூழலிலிருந்து ஐயமில்லாமல் தெரிய வேண்டும்.

அதைச் சொல்லும்போது எந்த வேற்றுமையைப் போடுவது என்பதிலும் நான் தடுமாறியிருந்தேன். ‘பதவியிலிருந்து பற்றற்ற’ என்று இரண்டு இடங்களில் எழுதியிருந்தேன். அது விலகுதல் என்ற வினைக்கு உரிய உருபு. பிடி ஒரு பொருளின் மேல்தான் இருக்கும் என்பதால் ‘பதவியின் மேல் பற்றற்ற’, ‘பதவியில் பற்றற்ற’ என்பனவே இயல்பு. ‘பதவியிலிருந்து’ என்று தொடங்கிவிட்டால் ‘விலகிய’, ‘ஒதுங்கிய’ என்று முடிக்க வேண்டும். அப்போது பொருளும் மாறிவிடும், ஏனென்றால் பதவியிலிருந்து விலகியவர் அதன் மேல் பற்றோடே வாழ்நாள் முழுவதும் இருக்கலாம், பதவியில் அமர்ந்திருப்பவர் அதன் மேல் பற்றற்றும் இருக்கலாம். உண்மையில் இந்தச் சொல்லுக்குப் பெருமை சேர்வது இரண்டாம் வகை வாக்கியத்தில்தான். ‘பாராட்டின் மேல் பற்றற்ற ஆசிரியர், ஒவ்வொரு விடைத்தாளையும் இரண்டு முறை படித்தார்’ என்னும்போது வாக்கியம் தன் காலில் நிற்கிறது; பிடி ஒன்றின் மேல் இல்லை, ஆனால் வேலையின் மேல் கவனம் குறையவில்லை. வேலையையும் கைவிட்டவருக்கு ‘அக்கறையற்ற’ என்ற சொல்லே போதும்.

எங்கே வைப்பது என்பது இதைவிட நுட்பமானது. பெயரெச்சம் தனக்கு அடுத்து வரும் பெயரின் மேல்தான் முதலில் சாயும். ‘பற்றற்ற மருத்துவரின் குரல்’ என்று எழுதினால் மருத்துவரின் இயல்பையே வரையறுத்துவிடுகிறோம்; அவர் வாழ்க்கை முழுவதும் அப்படிப்பட்டவர் என்று ஆகிறது. ‘மருத்துவரின் பற்றற்ற குரல்’ என்று எழுதினால் அந்த நேரத்தில் கேட்ட குரலை மட்டும் சொல்கிறோம். மனிதரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை. என் கைப்பிரதியில் இந்த இரண்டையும் வேறுபாடு தெரியாமல் கலந்து எழுதியிருந்தேன். ‘பணத்தின் மேல் பற்றற்ற முதியவரின் மகன்’ என்ற தொடரோ இன்னும் ஆபத்தானது; பற்றற்றவர் முதியவரா மகனா என்று வாசகர் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது. மகனைத்தான் சொல்ல வந்தோம் என்றால் ‘முதியவரின், பணத்தின் மேல் பற்றற்ற மகன்’ என்று காற்புள்ளியை நம்பி எழுதுவதைவிட, ‘முதியவரின் மகனுக்குப் பணத்தின் மேல் பற்றில்லை’ என்று வாக்கியத்தை முறித்து எழுதிவிடுவது நல்லது.

பயனிலையாக வரும்போது இந்தச் சொல் தனியே நிற்காது. ‘அவர் பற்றற்ற’ என்று முடிக்க முடியாது. பற்றற்றவர் என்றோ பற்றற்றிருந்தார் என்றோ ஆக வேண்டும். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. ‘பற்றற்றவர்’ நிலையான பண்பு. ‘பற்றற்றிருந்தார்’ ஒரு காலத்துக்கு உரிய நிலை. வினைக்கு அடையாக வரும்போது ‘பற்றற்ற முறையில் செய்தார்’ என்று இழுக்க வேண்டியதில்லை. ‘பற்றற்றுச் செய்தார்’, ‘பற்றின்றிச் செய்தார்’, ‘பற்றில்லாமல் செய்தார்’ என்று மூன்று வழிகள் ஏற்கெனவே இருக்கின்றன. முதல் இரண்டிலும் வல்லெழுத்து மிகும், மூன்றாவதில் மிகாது. ‘பற்றற்ற பார்வை’ என்பதில் மிகவே மிகாது. ஆனால் ‘பற்றில்லாப் பார்வை’ என்று ஈறு கெட்டு வந்தால் மிகும். என் கைப்பிரதியில் ‘பற்றற்றப் பார்வை’ என்று நான்கு இடங்களில் இருந்தது. சிவப்பு மை அங்கேயும் போயிருந்தது.

அளவுச் சொற்களை இதனோடு சேர்க்கும்போதும் தயங்க வேண்டும். அற்றது என்றால் அற்றதுதான். கயிறு கொஞ்சம் அற்றது என்று சொல்வதில்லை, இழை பிரிந்திருக்கிறது என்போம். ‘சற்றே பற்றற்ற மனநிலையில்’ என்று நான் எழுதியது இப்படிப் பார்த்தால் பொருந்தாமல் நிற்கிறது. மனம் இன்னும் வழியில்தான் இருக்கிறது என்று சொல்ல வேண்டுமானால் ‘பற்றுத் தளர்ந்த’, ‘பற்று விடத் தொடங்கிய’ என்னும் தொடர்கள் கை கொடுக்கின்றன. ‘முற்றும் பற்றற்ற’ என்பது மட்டும் வலியுறுத்தலாக நிற்கிறது.

இப்படி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டு வந்து, 13 இடங்களில் சொல் மாறிவிட்டது. மிஞ்சியது கடைசி இடம். முதியவர் தன் பட்டறையை, தன்னிடம் வேலை கற்ற இளைஞனிடம் ஒப்படைக்கும் காட்சி. நாற்பது ஆண்டுகள் உட்கார்ந்து வேலை செய்த மேசையைத் துடைத்து, கருவிகள் ஒவ்வொன்றையும் எடுத்து அதன் பெயரைச் சொல்லி வைத்து, சாவியைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடக்கிறார். ‘பற்றற்றவராக நடந்தார்’ என்று எழுதியிருந்தேன். அங்கும் பென்சில் ‘எதன் மேல்?’ என்று கேட்டிருந்தது. அங்கு மட்டும் தயங்காமல் விடை சொல்ல முடிந்தது. பட்டறையின் மேல். பிடி இருந்தது, நாற்பது ஆண்டுகள் இருந்தது, இப்போது இல்லை. அக்கறையும் போய்விடவில்லை, இல்லாவிட்டால் கருவிகளின் பெயரை ஏன் சொல்ல வேண்டும்? இந்தச் சொல்லுக்கு உரிய இடம் இதுவே என்று நிம்மதியடைந்து, தாளைத் திரும்ப அவரிடம் கொடுத்தேன்.

அவர் படித்துவிட்டுச் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “தானாக அற்றதா அம்மா, அவர் விட்டாரா?” என்று கேட்டார். நான் மறுபடி காட்சியைப் படித்தேன். ஒவ்வொரு கருவியையும் கையில் எடுத்து, பெயர் சொல்லி, கீழே வைக்கிறார். எதுவும் தானாக இற்று விழவில்லை. ஒவ்வொன்றாக அவரே விடுகிறார். ‘பற்றை விட்டவராக நடந்தார்’ என்று திருத்தினேன். அச்சான நூலில் ‘பற்றற்ற’ என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை.